உள்ளே போனா பாஸ் பட்டன் கிடையாது, பாஸ்!

ஆடி வெள்ளிக்கிழமையில் முதல்முறையா படவேடு வந்து இறங்குறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? பிதுங்கி வழியிற பஸ்ஸிலிருந்து ஒரு வழியா கீழே குதிப்பாங்க. எந்தப் பக்கம் பார்த்தாலும் வேப்பிலை, மஞ்சள், பொங்கல் பானைப் புகை. எங்கே போறதுன்னு புரியாது. முதல் கடையிலேயே டபுள் ரேட்டுக்குத் தேங்காய், கற்பூரம் வாங்கிடுவாங்க. ரேணுகாம்பாளைக் கும்பிட்டுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவாங்க. அனுமன் ஓலைச்சுவடி வாசிக்க, உட்கார்ந்த கோலத்தில் இருக்கிற யோக ராமரை எட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. சம்புவராயர்களோட தலைநகரம் இதுன்னும், பின்னாடி தெரியுறது ராஜகம்பீர மலைன்னும் யாரும் அவங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

ஆன்லைன் ரோல்-ப்ளேயிங் கேமுக்குள் முதல் நாள் நுழையறவங்க கதையும் அச்சு அசல் இதேதான்!

இந்த வகைக்கு எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி.ன்னு பேர். இனிஷியலே கூத்துல ராஜா வேஷக்காரர் சொல்லிக்கிற பட்டம் மாதிரி நீளம். பயப்படாதீங்க, விஷயமும் கிட்டத்தட்ட கூத்துதான். எல்லாரும் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கிட்டு ஒரே களத்தில் இறங்குறாங்க. ஒரே வித்தியாசம், சுத்தி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. அத்தனை பேரும் ஆடுறவங்கதான். விடிஞ்சாலும் மங்களம் பாட மாட்டாங்க. நீங்க தூங்கும்போதும், எக்ஸாம் எழுதும்போதும் அந்த உலகம் ஓடிக்கிட்டே இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரு கேமை எடுத்துக்குவோம். ‘ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்’. ஏன் இதுன்னா, நான் விழுந்த பள்ளம் இதுதான்... ஹி ஹி! தவிர, காசு கட்டாமலே ஆரம்பிக்கலாம். 2018 அக்டோபர்லேருந்து போனிலேயே ஆடலாம். ஜவ்வாது மலை ஓரத்தில் சிக்னல் ஒத்தைக் கோட்டில் ஊசலாடும்போதுகூட ஓரளவு தாங்கும். காரணம் இருக்கு. இந்த கேமோட கடிகாரம் 0.6 விநாடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். வெட்டு, குத்து, நடை எல்லாம் அந்தத் துடிப்புக்குள்ளேதான். துப்பாக்கி கேம்களில் கண் இமைக்கிற நேரம் நெட் திக்கினா ஆள் காலி. இங்கே அவ்வளவு அவசரம் இல்லை.

இதை உருவாக்கின ஆண்ட்ரூ கோவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிச்சுக்கிட்டு இருந்தப்பவே இதுக்கு விதை போட்டவர். 2001 ஜனவரியில் ‘ரூன்ஸ்கேப்’ வெளியாச்சு. கூட உழைச்சது அவரோட சகோதரர்கள். (நம்ம வீட்டு அண்ணன் தம்பிங்க சார்ஜருக்கே சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்!)

முதல் ஒரு மணி நேரம்

‘டுடோரியல் தீவு’ன்னு ஒரு இடத்தில் உங்களை இறக்கி விடுவாங்க. கூத்துல கட்டியக்காரன் முதல்ல வந்து கதையைச் சொல்ற மாதிரி, இங்கே ஒவ்வொருத்தரா வந்து ஒவ்வொண்ணு கத்துத் தருவாங்க. இறால் பிடி, மரம் வெட்டு, தீ மூட்டு, சுடு. முதல் இறாலைக் கருக்கினாலும் கவலைப்படாதீங்க. செம்பையும் தகரத்தையும் தோண்டி எடுத்து உருக்கி, வெண்கலக் கத்தி அடிப்பீங்க. ஒரு எலியைக் கொல்லுவீங்க. அவ்வளவுதான் ட்ரெய்னிங். அடுத்து ‘லம்ப்ரிட்ஜ்’ங்கிற ஊர்க் கோட்டை வாசலில் தள்ளிட்டுப் போயிடுவாங்க.

இங்கேதான் பாதிப் பேருக்குச் சப்புன்னு போயிடும். ‘டிராகன் எங்கே, யுத்தம் எங்கே?’ன்னு தேடினா, ஆத்துக்கு அந்தப் பக்கம் நாலு குள்ள பூதம், ஒரு கோழிக் கூண்டு, ஒரு மாட்டுப் பட்டி. கோட்டைச் சமையல்காரர் வேற, கேக் செய்ய முட்டை, பால், மாவு கொண்டுவான்னு வேலை வைப்பார். ‘வீட்டுலதான் கடைக்குப் போகச் சொல்றாங்கன்னா இங்கேயுமா?’ன்னு தோணும். எனக்கும் தோணிச்சு. மாட்டுத்தோல் சேர்த்து வித்தா காசுன்னு தெரிஞ்சப்போ இன்னும் சங்கடம். வருஷா வருஷம் மாட்டுக்குக் கொம்பு சீவி பெயின்ட் அடிச்சுப் பொங்கல் வைக்கிற குடும்பத்துப் பையன் நான்!

வசனம் முழுக்க இங்கிலீஷ்தான். தமிழ் கிடையாது. ஆனா ஒண்ணு... ‘ஸ்கிப்’ அமுக்காம அந்த வசனங்களைப் படிங்க. செம நக்கல் இருக்கும். இங்கிலீஷ்ல ஒரு ஜோக் எனக்கு முதல்முறையா அகராதி பார்க்காம புரிஞ்சது அங்கேதான்.

மரம் வெட்டுற கணக்கு

ஒவ்வொரு திறமைக்கும் லெவல் உண்டு. அதிகபட்சம் 99. காசு கட்டாதவங்களுக்கு 15 திறமைகள் திறந்திருக்கும். லெவல் 1-லேருந்து 2-க்குப் போக 83 புள்ளி போதும். சாதா மரத்தில் ஒரு கட்டை வெட்டினா 25 புள்ளி. நாலு கட்டை, லெவல் ஏறிடும், பட்டாசு வெடிக்கும். ‘அட, சுலபம்!’னு நினைப்பீங்க. அங்கேதான் தூண்டில்.

99-க்குத் தேவை 1,30,34,431 புள்ளி. சாதா மரம் மட்டும் வெட்டினா 5 லட்சத்து 21 ஆயிரம் கட்டைக்கு மேல! நடுவுல பெரிய மரங்கள் வரும், வேகம் கூடும், அது வேற. ஆனா வளைவைப் பாருங்க. லெவல் 92-ஐத் தொடும்போதுதான் பாதி தூரம் வந்திருப்பீங்க. ஆமா, மிச்சம் ஏழு லெவலுக்கு அதே பாதி. அரியர் வெச்சவங்களுக்கு இந்தக் கணக்கு நல்லாவே புரியும்.

அதனால உங்ககிட்ட இந்த கேம் கேட்கிறது திறமையை இல்லை, காசையும் பெருசா இல்லை. நேரத்தை. இதைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ளே போறவங்க ஒரு ரகம், தெரியாம போறவங்க வேற ரகம். நான் ரெண்டாவது ரகம். அந்தக் கதைக்கு வர்றேன்.

யார் யார் வருவாங்க?

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா ஆரம்பிச்சு, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’தான் இந்தக் குடும்பத்துக்குப் பாட்டன். படமே கிடையாது, வெறும் எழுத்து. அந்த பார்ட்டில் 1996-ல் ஆடறவங்களை நாலு ரகமா பிரிச்சு எழுதினார். லெவல், பொருள்னு சேர்க்கிறவங்க. மூலை முடுக்கெல்லாம் சுத்திப் பார்க்கிறவங்க. அரட்டைக்காகவே வர்றவங்க. அடுத்தவனை அடிக்கிறதுலயே குஷி காணுறவங்க. நம்ம ஹாஸ்டல் மாடியிலேயே இந்த நாலும் இருக்கு, இல்லையா?

நாலாவது ரகத்துக்குத் தனி ஏரியாவே உண்டு. வடக்கே ‘வைல்டர்னஸ்’. பள்ளத்தைத் தாண்டினா மத்த ஆளுங்க உங்களைக் கொன்னு, கையில இருக்கிறதை அள்ளிக்கிட்டுப் போகலாம். மத்த இடங்களில் செத்தாலும் விலை உயர்ந்த மூணு பொருள் உங்ககிட்டயே தங்கும். மிச்சம் கல்லறையில 15 நிமிஷம் காத்திருக்கும், ஓடிப்போய் எடுத்துக்கலாம். புதுசா வர்றவங்க பெரும்பாலும் முதல்ல சாகுறது ‘வாராக்’ நகரத்துக்குத் தெற்கே நிக்கிற கறுப்பு மந்திரவாதிங்ககிட்டதான். லம்ப்ரிட்ஜ்ல இருந்து குறுக்கு வழின்னு அந்தப் பக்கம் போகாதீங்க.

சட்டம் இப்படி இருந்தும் 2006 ஜூனில் ஒரு கூத்து நடந்தது. ஒருத்தர் வீடு கட்டுற திறமையில் முதல் ஆளா 99 தொட்டு, பார்ட்டி வெச்சார். அங்கே முளைச்ச ஒரு ப்ரோக்ராம் கோளாறால, வெளியே வந்த சிலருக்கு எங்கே வேணா யாரையும் அடிக்கிற சக்தி வந்துடிச்சு. அடி வாங்கினவங்களால திருப்பி அடிக்கவும் முடியலை. ‘ஃபலடோர்’ நகரத்தில் பொணம் பொணமா விழுந்தது. பல மாச உழைப்பை நிமிஷத்தில் இழந்தவங்க உண்டு. அந்தச் சம்பவத்தை இன்னிக்கும் பழைய ஆளுங்க ஊர்க்கலவரம் மாதிரி பேசுவாங்க.

என் கவசம் போன கதை

சரி, சொல்லிடறேன். ‘டிராகன் ஸ்லேயர்’னு ஒரு பயணம் இருக்கு. அதை முடிச்சாத்தான் ‘ரூன்’ மார்புக் கவசம் போட முடியும். அதுக்குள்ள நுழையவே 32 பயணப் புள்ளி வேணும். செமஸ்டர் லீவு முழுக்க ஆடி, ‘எல்வார்க்’ங்கிற டிராகனைக் கொன்னு, மாட்டுத்தோல் வித்த காசில் அந்தக் கவசத்தை வாங்கினேன். புது பைக் எடுத்தவன் மாதிரி வாராக் சந்தையில ரவுண்டு அடிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஒருத்தர் வந்தார். ‘ஃப்ரீயா தங்க ஓரம் வெச்சுத் தர்றேன்’னார். முதல்ல என் சின்னத் தொப்பியைக் கேட்டு வாங்கி, நல்ல பிள்ளையா திருப்பித் தந்தார். நம்பிக்கை வந்துடுச்சு. கவசத்தையும், கால் கவசத்தையும் கொடுத்தேன். ஆள் மாயம்!

கவசத்துக்கு ஓரம் வைக்கிற வேலையே இந்த கேமில் கிடையாதுங்கிறது பிறகுதான் தெரிஞ்சது. ‘காசு கொடு, டபுளாக்கித் தர்றேன்’ங்கிறவங்களும் இதே கட்சி. இதைவிட மோசம், ‘இலவச மெம்பர்ஷிப்’னு லிங்க் அனுப்புறவங்க. அங்கே பாஸ்வேர்டைப் போட்டா, கணக்கே போயிடும். முதல் நாளே ரெண்டடுக்கு லாகினைப் போட்டு வெச்சுடுங்க. அக்கவுன்ட்டை நண்பனுக்கும் தராதீங்க, உயிர் நண்பனா இருந்தாலும்.

காசு விஷயத்தில் இன்னொண்ணு. கேம் தங்கத்தை நிஜப் பணத்துக்கு விற்கிற கும்பல் உண்டு. கம்பெனி விதிப்படி அது தப்பு, மாட்டினா தடை. ஆனா 2010-களின் பிற்பாதியில் வெனிசுலாவில் பணத்துக்கு மதிப்பே இல்லாம போனப்போ, அங்கிருந்த இளைஞர்கள் பலர் இந்த கேமில் பச்சை டிராகன்களைக் கொன்னு, தங்கம் சேர்த்து வித்துத்தான் வீட்டுச் சாப்பாட்டுச் செலவைப் பார்த்தாங்க. நமக்கு விளையாட்டு, அவங்களுக்கு ஷிஃப்ட். உங்க பக்கத்தில் பேசாம டிராகன் அடிக்கிறவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இது ஞாபகம் இருக்கட்டும்.

அம்மா கூப்பிட்டா?

கேரம் போர்டை அப்படியே விட்டுட்டுச் சாப்பிடப் போகலாம். தனியா ஆடுற வீடியோ கேமில் பாஸ் பட்டன் இருக்கு. இங்கே இல்லை. நடுச் சண்டையில் ‘டேய், கரன்ட் பில் கட்டினியா?’ன்னு குரல் வந்தா, ஒண்ணு டிராகன்கிட்ட சாகணும், இல்லை அம்மாகிட்ட சாகணும்.

கேமில் உங்க கேரக்டர் விவரப் பக்கம் ஒண்ணு இருக்கு. அதில் மொத்தம் எவ்வளவு நேரம் ஆடியிருக்கீங்கங்கிற கணக்கு மறைஞ்சிருக்கும். தட்டினாத்தான் காட்டும். அஞ்சாவது செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் அதைத் தட்டினேன். எத்தனை நாள்னு இங்கே எழுத மாட்டேன். எங்க அப்பா இந்தப் பத்திரிகையைப் படிப்பார். போன பேப்பர் ஒண்ணு, அதை அடுத்த வருஷம் எழுதி எடுத்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலில் 2022 ஜனவரியிலிருந்து ‘கேமிங் டிஸார்டர்’ இருக்கு. அதில் மணிக்கணக்கு எதுவும் சொல்லலை. நிறுத்த நினைச்சு நிறுத்த முடியலையா, மத்த எல்லாத்தையும் விட அது முன்னாடி வந்துடுச்சா, கெடுதல் தெரிஞ்சும் தொடருதா, வழக்கமா ஒரு வருஷமாவது இப்படியே போகுதா... இதைத்தான் பார்க்கிறாங்க. நான் அந்த அளவுக்குப் போகலை. ஆனா போற வழி எப்படி இருக்கும்னு தெரியும். வழுக்கலா இருக்கும்.

கடை மூடினா?

இதையும் யாரும் சொல்ல மாட்டாங்க. அந்த உலகம் உங்களோடது இல்லை. 2000-களின் நடுவில் கொரியாவின் ‘ராக்னராக் ஆன்லைன்’ இந்தியாவுக்கு வந்தது. நம்ம சென்னை சிஃபி நிறுவனம் ‘ஏ3’ங்கிற இன்னொரு கொரிய கேமைக் கொண்டு வந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவுன்னு காசு கொடுத்து வளர்த்தாங்க அந்தக் கால அண்ணன்மார். ரெண்டோட இந்திய சர்வரும் மூடியாச்சு. கேரக்டரும் போச்சு, கவசமும் போச்சு. கூட ஆடின நண்பர்களோட நிஜப் பேர் தெரிஞ்சு வெச்சுக்கிட்டவங்களுக்கு மட்டும் அவங்க மிஞ்சினாங்க.

ரூன்ஸ்கேப்புக்கு யோகம். கேம் ரொம்ப மாறிப்போச்சுன்னு பழைய ஆட்கள் புலம்ப, 2013-ல் கம்பெனி ஓட்டெடுப்பு வெச்சது. 4 லட்சத்துக்கும் மேல ஓட்டு! 2007 ஆகஸ்டில் எடுத்து வெச்சிருந்த பேக்கப்பைத் தூசி தட்டி, ‘ஓல்ட் ஸ்கூல்’னு திறந்தாங்க. அப்போதிலிருந்து புதுசா பெரிய மாற்றம் வந்தா, பெரும்பாலும் ஆடறவங்க ஓட்டுப் போட்டுத்தான் முடிவாகுது.

அந்தக் கவசம் போன அன்னிக்கு நான் வாராக் வங்கி வாசலில் வெறும் உடம்போட நின்னுக்கிட்டு இருந்தேன். பிலிப்பைன்ஸ்காரர் ஒருத்தர் என்ன ஆச்சுன்னு கேட்டார். ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன். சிரிச்சுட்டு, ‘எனக்கும் இதே ஆச்சு’ன்னு சொல்லி, ஒரு ஸ்டீல் கவசமும் கொஞ்சம் சுட்ட மீனும் கொடுத்துட்டுப் போனார். பேர்கூடச் சரியா ஞாபகம் இல்லை, கடைசியில ரெண்டு நம்பர் இருக்கும்.

இப்போ ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடறேன். பெரும்பாலும் லம்ப்ரிட்ஜ் மாட்டுப் பட்டி ஓரமாத்தான் இருப்பேன். வெண்கலக் கத்தியோட யாராவது முழிச்சுக்கிட்டு நின்னா, சுட்ட மீன் தருவேன், வாங்கிக்குங்க. கவசத்துக்கு ஓரம் வெச்சுத் தர்றேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்!