மகனுக்கு ஒரு மடக்குக் கத்தி

"கொழந்தை கையில கத்தியா? உனக்கென்னடி புத்தி கெட்டுப் போச்சா?"

புதுச்சேரியிலிருந்து அம்மா போட்ட சத்தம், தொலைபேசி இல்லாமலேயே பிரான்ஸில் இருக்கும் எங்கள் கிரெனோபிள் வரை கேட்டிருக்கும்! அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஒன்பது வயதுப் பேரனின் ஆள்காட்டி விரலில் மூன்று தையல் என்றால் எந்தப் பாட்டிக்குத்தான் பொறுக்கும்?

நடந்தது இதுதான். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பக்கத்தில், நம் ஊர்த் தாத்தாக்கள் இடுப்பில் வெற்றிலைப் பை செருகியிருப்பார்களே, அதுபோல ஒவ்வொரு தாத்தாவின் கால்சட்டைப் பையிலும் ஒரு மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் அதை எடுத்து ரொட்டியை அறுப்பார், பாலாடைக்கட்டியைச் சீவுவார், ஆப்பிளை நறுக்குவார். கடைசியில் ஒரு ரொட்டித் துண்டில் துடைத்து மடக்கி, பைக்குள் போட்டுக்கொள்வார். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து என் பிள்ளைக்கும் ஆசை வந்துவிட்டது. "எனக்கும் ஒண்ணு வேணும்மா" என்று ஒரு மாதம் நச்சரித்தான்.

நானும் புத்திசாலித்தனமாக யோசித்தேன்! பெரிய கத்தி ஆபத்து, சின்னதாக வாங்கினால் பயமில்லை என்று ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் விரல் நீளத்துக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெயர்கூட இல்லாத கத்தி. அவன் ஒரு குச்சியைச் சீவினான். அதுவரை சரி. பிறகு கத்தி முனையைக் குச்சியில் குத்தித் துளை போடப் பார்த்தான். அலகு படக்கென்று மடங்கி விரலில் இறங்கிவிட்டது.

ஏன் மடங்கியது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. வெறும் ஆணியின் இறுக்கத்திலோ, பின்பக்கம் இருக்கும் வில்லின் பலத்திலோதான் இந்த மாதிரிக் கத்திகள் திறந்து நிற்கின்றன. கூர்ப்பக்கத்தை அழுத்தி நறுக்கும்போது அலகு மேலும் திறக்கத்தான் பார்க்கும், ஆபத்தில்லை. முனையால் குத்தினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ மடங்கத்தான் செய்யும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் பக்கத்து வீட்டு மதாம். எண்பதை நெருங்குகிறார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, "கத்தி கொடுத்தது தப்பில்லை, பூண் இல்லாத கத்தி கொடுத்தீர்களே, அதுதான் தப்பு" என்றார். தம் கைப்பையிலிருந்தே ஒரு கத்தியை எடுத்துக் காட்டினார். அடேயப்பா, கைப்பையில் கத்தி!

அது ஓப்பினெல். எங்களுக்கு அடுத்த சவோய் மாவட்டத்துச் சரக்கு. ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890-ல் செய்ய ஆரம்பித்தது. பீச் மரத்தில் கடைந்த உருண்டைப் பிடி, அதில் ஒரு பள்ளம், உள்ளே மடங்கும் மெல்லிய அலகு... அவ்வளவுதான்! 1897-ல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டு அளவு வாரியாகக் கொண்டுவந்தார்கள். 1-ம் 11-ம் பிற்பாடு நின்றுவிட்டன. 1955-ல்தான் பிடியின் கழுத்தில் சுழலும் பூண் வந்தது. அலகைத் திறந்து, பூணை விரலால் ஒரு திருகு திருகினால் போதும், அலகு அசையாது. இப்போது வருவதில் மடக்கிய நிலையிலும் அப்படியே பூட்டலாம்.

இங்கேதான் என்னைப் போன்ற அம்மாக்கள் ஏமாறுகிறோம். பூண் 6-ம் எண்ணிலிருந்துதான் உண்டு. 2 முதல் 5 வரை உள்ள குட்டிக் கத்திகளுக்குப் பூண் கிடையாது. "சின்னக் கைக்குச் சின்னக் கத்தி" என்று ஆசையாக நாம் எடுப்பது அதைத்தான்!

சரி, இனிமேல் வாங்கினால் விசாரித்துத்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். மூன்று கத்திகளை வாங்கி, இரண்டு மாதம் என் சமையலறையிலேயே பழக்கினேன். "என்ன, வீட்டுல கத்திக்கடை வைக்கப் போறியா?" என்று என்னவர் கேலி செய்தார். செய்யட்டும்.

முதலாவது ஓப்பினெல் 8-ம் எண், கார்பன் எஃகு. அலகு எட்டரை சென்டிமீட்டர். தக்காளியை அழுத்தாமல் கண்ணாடி போல் நறுக்கிற்று. சாணைக் கல்லில் நாலு தேய்ப்பு தேய்த்தால் கூர் திரும்பிவிடுகிறது. ஆனால் வாழைப்பூ நறுக்கினேனோ இல்லையோ, அலகு கறுத்துவிட்டது! நம் வீட்டு இரும்பு அரிவாள்மணையும் இப்படித்தானே கறுக்கும்? கறுப்பினால் கெடுதல் இல்லை. ஈரம் நின்றால்தான் துரு. எலுமிச்சை நறுக்கிய கையோடு துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். இந்தத் தொந்தரவெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு, துருப்பிடிக்காத எஃகிலும் இதே கத்தி கிடைக்கிறது. கைக்குழந்தைக்காரிகள் அதையே வாங்குங்கள். குழந்தை அழும்போது கத்திக்கு எண்ணெய் போட யாருக்கு நேரம்?

இரண்டாவது, இத்தாலியில் கத்திக்குப் பேர்போன மானியாகோ ஊரிலிருந்து வரும் அன்டோனினி 'ஓல்ட் பேர்'. வால்நட் மரப்பிடி. இதற்கும் சுழலும் பூண் உண்டு. பிடி கொஞ்சம் பருமன், எனக்குக் கைக்கு நன்றாக அடங்கிற்று. துரு பயமில்லை. விலைதான் ஓப்பினெல்லைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓப்பினெல் பத்துப் பதினைந்து யூரோவுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது போர்ச்சுகலின் மாம். பலசூலு என்ற கிராமப் பக்கத்துக் கத்தி, பீச் மரப்பிடிதான். மூன்றிலும் விலை குறைச்சல் இதுதான். ரொட்டிக்கு வெண்ணெய் தடவ, பழம் நறுக்க நன்றாகவே இருக்கிறது. பூட்டு உள்ளதும் இல்லாததும் இரண்டு விதமாக வருகின்றன. நான் அவசரத்தில் வாங்கியது இல்லாதது. பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்! அது என் உபயோகத்துக்கு மட்டும் என்று மேல் தட்டுக்குப் போய்விட்டது.

தேனீ வைத்த 'லாயோல்' கத்தியை இங்கே வரும் நம்மவர்கள் ஊருக்கு வாங்கிப் போகிறார்கள். லாயோல் என்பது ஒரு கிராமத்தின் பெயர். அந்தக் கிராமத்தையே பார்க்காத மலிவுச் சரக்குகள் மேலும் அந்தப் பெயர் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

மரப்பிடிக் கத்திக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு ராத்திரி ஓப்பினெல்லைப் பாத்திரங்களோடு தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மரம் ஊறி உப்பி, அலகு வெளியே வரவே இல்லை. நகம் உடைந்ததுதான் மிச்சம். மதாமிடம் ஓடினேன். பூணைத் திறந்த நிலைக்குத் திருகினார். பிடியின் அடிப்பக்கத்தை மேஜை விளிம்பில் 'டொக்' என்று ஒரு தட்டு. அலகின் முதுகு தானாக எட்டிப் பார்த்தது! இதற்குச் 'சவோய்க்காரன் தட்டு' என்றே பெயராம். நிழலில் இரண்டு மூன்று நாள் காய்ந்ததும் மரம் பழைய நிலைக்கு வந்தது. அதிலிருந்து ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது.

மகன் கதைக்கு வருகிறேன். தையல் பிரித்த பிறகு ஒரு நாள் மதாம் அவனைக் கூப்பிட்டார். குழந்தைகளுக்கென்றே ஓப்பினெல்லில் 7-ம் எண்ணில் ஒன்று வருகிறது. முனை கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கும், பூணும் உண்டு. அதை அவன் கையில் வைத்து, "எனக்கு ஒரு காசு கொடு" என்றார். இந்த ஊரில் கத்தியைச் சும்மா வாங்கினால் சிநேகம் அறுந்துவிடும் என்று நம்பிக்கை. நாமும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டோமே! அவன் உண்டியலைக் கவிழ்த்து ஒரு நாணயம் எடுத்துக் கொடுத்தான்.

நான் போட்ட சட்டம் இது: உட்கார்ந்துதான் சீவ வேண்டும். திறந்ததும் பூணைத் திருகி எனக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கோ கடைத்தெருவுக்கோ எடுத்துப் போகக் கூடாது. கடைசிச் சட்டம் என்னுடையது மட்டுமல்ல. தக்க காரணமில்லாமல் கத்தியோடு வெளியே போவது பெரியவர்களுக்கே பிரான்ஸில் குற்றம். இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை. அலகு மூன்று அங்குலத்துக்குள் இருக்கும் பூட்டில்லாத மடக்குக் கத்தியைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் காரணம் சொல்ல வேண்டும். விரலுக்குப் பத்திரமானது சட்டத்துக்கு ஆகவில்லை!

போன வாரம் அவன் ஓர் ஆப்பிளைத் தோல் அறாமல் சுருள் சுருளாகச் சீவி, தொலைபேசியில் பாட்டிக்குக் காட்டினான். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏண்டி, லீவுக்கு வரும்போது எனக்கும் அதுல ஒண்ணு வாங்கிட்டு வாயேன். துருப்பிடிக்காததா பாரு. கொய்யாக்கா நறுக்க ஆகும்."

வாங்கி வைத்திருக்கிறேன். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில், புடவை மடிப்புக்குள்.