தாழிகள் இருந்த இடத்திலேயே

தில்லியிலிருந்து விடுமுறைக்கு நெல்லைச் சீமைக்குப் போகும் நம் அன்பர்கள் திருச்செந்தூர் முருகனைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. திருநெல்வேலியிலிருந்து அந்தச் சாலையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் போனால், தாமிரபரணியின் தென்கரையில் ஒரு செம்மண் மேடு தெரியும். ஊரார் அதைப் 'பரம்பு' என்பார்கள். அதுதான் 114 ஏக்கர் பரப்புள்ள ஆதிச்சநல்லூர் இடுகாடு.

1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்புக் கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. 2004-இல் தொடங்கிய அகழாய்வில் 160-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. உலகம் அறிந்த ஊர்தான். ஆனால் உள்ளூர்க்காரர் பார்க்க ஊரில் ஒன்றும் இல்லை.

அந்தக் குறை 2023 ஆகஸ்ட் 5 அன்று ஓரளவு தீர்ந்தது. இந்தியத் தொல்லியல் துறை, அகழ்ந்த குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்சிக்கூடம் திறந்தது. சென்ற விடுமுறையில் போய்ப் பார்த்தேன். காலுக்குக் கீழே, புதைத்த இடத்திலேயே தாழிகள் இருக்கின்றன.

எழும்பூரில் பார்க்கும்போது பொருளின் அழகு தெரிகிறது. இங்கேதான் அதன் கதை தெரிகிறது: எவ்வளவு ஆழத்தில் வைத்தார்கள், எதன் அருகில் எதை வைத்தார்கள் என்பதெல்லாம். ரீ தோண்டியபோது நெல் உமியும் கிடைத்ததாம். இறந்தவருக்கும் சோறு வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்!

பள்ளிப் பிள்ளைகள் சிலர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தனர். ஒரு சிறுமி, "டீச்சர், இதெல்லாம் நம்ம ஊர்லயே கெடந்துச்சா?" என்று கேட்டாள். எத்தனையோ பாடப் புத்தகங்கள் எழுப்பாத கேள்வி அது.

வெளியூர் போன பொருள்கள் பத்திரமாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அவற்றின் படங்களும் பிரதிகளுமாவது இங்கே முழுமையாக வர வேண்டும். இனிமேல் கிடைப்பவை இங்கேயே தங்க வேண்டும். சிற்றூர்க் காட்சிக்கூடம் நிலைக்க அரசாணை மட்டும் போதாது. பார்க்க ஆள் வர வேண்டும். அடுத்த முறை திருச்செந்தூர் செல்லும்போது, குழந்தைகளுடன் ஒரு மணி நேரம் ஆதிச்சநல்லூரில் இறங்கிவிட்டுப் போங்கள்.