இருவாட்சி வளர்க்கும் காடு

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி வட்டாரங்களில் வாழும் நமக்குப் பங்குனியும் சித்திரையும் கண்மாய் வற்றிக் கரிசல் வெடிக்கும் காலமாகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் நம் பகுதியில் அப்போது பசுமை காண்பது அரிது. ஆனால், அதே மாதங்களில் ஆனைமலையின் மழைக்காடுகளில் மரங்கள் கனிந்து நிற்கின்றன. பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன.

மழைக்காடு என்பது யாது? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெற்று, எக்காலத்தும் பசுமை குன்றாது நிற்கும் காடே அது. உயர்ந்த மரங்களின் தழைகள் ஒன்றோடொன்று கூடிக் கூரைபோற் கவிந்திருப்பதால், நண்பகலிலும் தரையில் வெயில் குறைவாகவே விழும்.

இளவேனிலில் அங்குக் காணத்தக்கவற்றுள் தலையாயது பெரிய இருவாட்சி. மூன்று அடிக்கு மேல் நீளமுள்ள இப்பறவையின் சிறகோசை நெடுந்தொலைவு கேட்கும். தை முதல் சித்திரை வரை இதன் பேறுகாலம். பெண் பறவை முதுமரப் பொந்தினுட் புகுந்து, தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டுமளவு இடைவெளியே எஞ்சும். ஏறத்தாழ 40 நாட்கள் அடைகாக்கும். அக்காலமெல்லாம் ஆண் பறவையே அத்திப்பழம் முதலியவற்றைக் கொணர்ந்து ஊட்டும். ஆதலின், ஆண் பறவையை ஒருவர் வீழ்த்தினால், பொந்தினுள் இருக்கும் குஞ்சும் பசியால் மடிய நேரும். முதுமரத்தை வெட்டினாலோ, கூடு கட்டவே இடமின்றிப் போகும்.

நம் ஊர்ப் பனைமரத்தின் மீது ஆல் முளைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். பறவையின் எச்சத்தில் வந்த விதை அது. ஆலின் விதை சிறியது. மைனாவும் அதைச் சுமக்கும். காட்டுச் சாதிக்காய், கருங்குங்கிலியம் போன்றவற்றின் பெருவிதைகளை விழுங்கித் தொலைவிற் சென்று உதிர்க்க இருவாட்சி போன்ற பெரும்பறவை வேண்டும். அது குறைந்தால் அம்மரங்களின் கன்றுகளும் குறையும்.

காடு நிலைத்தால் நீர் நிலைக்கும். ஆனைமலையின் நீர், பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வழியே கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாய்கிறது. நம் மாவட்டத்தின் மேற்கெல்லையிலும் 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. வைகையின் பிறப்பிடமான மலைகளை அக்காப்பகம் காக்கிறது. நீரருமை அறிந்த நமக்கு இக்காடுகள் அயலானவை அல்ல.

சித்திரை, வைகாசி இரவுகளில் ஆனைமலைக் காடுகளில் மின்மினிகள் ஒருசேர ஒளிர்ந்து ஒருசேர அணையும். இணையைத் தேடும் ஆண் பூச்சிகளின் அழைப்பே அவ்வொளி. விளக்கொளி பட்டால் அவ்வழைப்புக் குலையும்.

பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கோடையில் காட்டுத்தீ அஞ்சி வழிகளை மூடுவதுண்டாகையால், வனத்துறையிடம் முன்னரே வினவிச் செல்லுதல் நலம். வனத்துறையினர் காட்டும் வழியிலேயே நடக்க வேண்டும். கூட்டுமரத்தை அணுகாது தொலைவில் நின்று காண வேண்டும். நெருப்பும் பிளாஸ்டிக்கும் காட்டினுட் செல்லலாகாது.

பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்வோமாக. மழை மலையில் தங்குவதற்குக் காரணம் எது என்பதைக் கண்ணாற் கண்ட பிள்ளை, தன் ஊர்க் கண்மாய்க்கரையில் நிற்கும் மரத்தையும் வெட்ட விடாது.