முன்கண்ணாடியில் மிளகளவு காயமா? ஓடும் முன் நிறுத்துங்கள்!

நெடுஞ்சாலையில் முன்னே செல்லும் லோரியின் சக்கரத்திலிருந்து ஒரு சிறு கல் தெறிக்கிறது. 'டக்' என்று ஓர் ஒலி. காரின் முன்கண்ணாடியில் மிளகளவு காயம். "இவ்வளவுதானே!" என்று விட்டுவிடுகிறோம். சில நாள்களில் அதே இடத்திலிருந்து ஒரு கோடு கண்ணாடியின் குறுக்கே ஓடிவிடுகிறது. ஏன், மாணவர்களே?

விரிசல் ஏன் ஓடுகிறது?

ஒரு தாள் பட்டையை இரு முனைகளிலும் பிடித்து இழுங்கள். எளிதில் கிழியாது. அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டு இழுங்கள். சட்டென்று கிழிந்துவிடும். காரணம், இழுவிசை வெட்டின் கூர்முனையில் குவிகிறது. கண்ணாடியிலும் இதே கதைதான். அதன் வலிமையைக் குறைப்பவை நுண்ணிய விரிசல்களே என்று ஏ.ஏ.கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921இல் விளக்கினார்.

நம் ஊர் வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமீது திடீரென மழை பெய்தால், வெளிப்பரப்பு குளிர்ந்து சுருங்கும். உட்பகுதியோ விரிந்தே இருக்கும். இதனால் வெளிப்பரப்பு இழுபட, விரிசல் நீள்கிறது.

நடுவில் ஒரு படலம்

முன்கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே பிவிபி எனும் பிளாஸ்டிக் படலம் உண்டு. கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் அதில் ஒட்டிக்கொள்ளும், முகத்தில் பாயா. 1903இல் பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ் கைதவறவிட்ட குடுவை உடைந்தும் சிதறவில்லை. உள்ளே காய்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் துண்டுகளைப் பிடித்துக்கொண்டது. அடுக்குக் கண்ணாடிக்கு அதுவே வித்து.

சிறு கல் பெரும்பாலும் வெளித்தகட்டை மட்டுமே காயப்படுத்தும். அதனால்தான் பழுதுபார்க்க முடிகிறது.

பட்டறையில் நடப்பது

1. காயத்திலுள்ள கண்ணாடித் துகள்களை நீக்குவர்.
2. உறிஞ்சு கிண்ணங்கள் கொண்ட ஒரு தாங்கியைக் கண்ணாடிமீது பொருத்தி, விரிசலில் உள்ள காற்றை உறிஞ்சி எடுப்பர்.
3. அந்த வெற்றிடத்தில் நீர்த்த பிசினை அழுத்திச் செலுத்துவர்.
4. புற ஊதா விளக்கை வெளிப்பக்கம் வைப்பர். பிசினின் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாக இணைந்து, சில நிமிடங்களில் இறுகிவிடும். இதுவே பலபடியாக்கம்.
5. மிஞ்சிய பிசினைப் பிளேடால் சுரண்டி மெருகூட்டுவர்.

இந்த வேலையை நிழலில்தான் செய்வர். சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர்கள் இருப்பதால், விரிசலின் நுனியை எட்டும் முன்பே பிசின் இறுகிவிடும்!

காயம் மறைவது எப்படி?

காற்றின் ஒளிவிலகல் எண் சுமார் 1.0, கண்ணாடிக்குச் சுமார் 1.5. இந்த வேறுபாட்டால் விரிசலில் ஒளி எதிரொளித்துப் பளிச்சிடுகிறது. பிசினின் எண் கண்ணாடியின் எண்ணுக்கு மிக அருகில் இருப்பதால், ஒளி அங்கே ஏறக்குறைய நேராகவே கடந்துவிடுகிறது. மங்கலான ஒரு புள்ளி மட்டும் எஞ்சலாம்.

உங்களால் முடிந்தது

இரு தகடுகளும் உடைந்திருந்தாலோ, விரிசல் நீண்டுவிட்டாலோ, கண்ணாடியின் விளிம்பை எட்டிவிட்டாலோ, பொதுவாக முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே, வீட்டுக் காரில் புதிய காயத்தைக் கண்டால் அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டச் சொல்லுங்கள். தூசியும் நீரும் புகுந்துவிட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது. சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம். பட்டறைக்குப் போவதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். காயம் மிளகளவில் இருக்கும்போதே சில துளி பிசின் போதும்!