‘மழை விடட்டும், பாத்துக்கலாம்!’: புதுச்சேரி சைக்கிள்கள் அக்டோபரில் படுத்துவிடுவது ஏன்?

செப்டம்பரில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போய்ப் பாருங்கள். ஹெல்மெட், கிளவுஸ், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு என்று ஒரு சின்னப் படையே கிளம்பிக்கொண்டிருக்கும். அதே இடத்துக்கு நவம்பரில் போனால் குடையோடு நடப்பவர்கள் இருப்பார்கள், சைக்கிள்களைத்தான் காணோம். அவை லாஸ்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில், டயரில் காற்று இறங்கி, செயினில் துரு ஏறி நிற்கும்.

‘மழை விடட்டும், பாத்துக்கலாம்’ என்று அக்டோபரில் சொன்னவர் பொங்கலுக்கு முன் சைக்கிளைத் தொட மாட்டார். பொங்கலுக்குப் பிறகு ‘காலைல பனி’. அப்புறம் மார்ச், ‘வெயில் ஆரம்பிச்சிருச்சு’. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய சைக்கிள் ஓஎல்எக்ஸில் ‘குறைவாகவே பயன்படுத்தியது’ என்று விற்பனைக்கு வருவது இப்படித்தான்.

இதற்கு மன உறுதி இல்லாததுதான் காரணம் என்று நினைத்தால் அது பாதி உண்மைகூட இல்லை. இங்கே குளிர்காலம் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் சண்டை போடுவதுதான் பெரிய காரணம்.

உண்மையில் எத்தனை நாள் மழை?

ஐரோப்பியர்களுக்குக் குளிர்காலம் என்றால் பனி. புதுச்சேரியில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நமக்கு எதிரி குளிர் இல்லை, வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது.

ஆனால் இந்த மூன்று மாதங்களில் மொத்தம் 92 நாட்கள். வானிலை ஆய்வாளர்கள் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அதை ‘மழை நாள்’ என்று கணக்கில் வைப்பார்கள். நம் கடற்கரையில் அப்படிப்பட்ட நாட்கள் சராசரியாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி அறுபது நாட்களில் மேகம் இருக்கும், தூறல் இருக்கும், ரோடு ஈரமாக இருக்கும். சைக்கிள் ஓட்ட முடியாத அளவுக்கு மழை இருக்காது. நாலு நாள் அடித்துப் பெய்யும், பிறகு ஆறு நாள் சும்மா இருக்கும். அந்த நாலு நாளை மனசில் வைத்துக்கொண்டு ஆறு நாளையும் சேர்த்து விட்டுவிடுகிறோம்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வடகிழக்குப் பருவத்தில் கடலோர மழை பெரும்பாலும் பின்னிரவிலும் அதிகாலையிலும்தான் வலுக்கும். அதாவது, அலாரம் அடிக்கிற நேரம் பார்த்து! ஐந்தரை மணிக்கு ஜன்னலில் சடசடவென்று கேட்டால் யாருக்கும் மறுபடி போர்த்திக்கொள்ளத்தான் தோன்றும். பத்து மணிக்கு வெயில் அடிக்கும்போது மனசு உறுத்தும்.

காலையை மட்டுமே நம்பியிருப்பவர்கள்தான் இந்தப் பருவத்தில் அதிகம் தோற்கிறார்கள். மாலை நாலரைக்கு ஒரு மாற்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் நவம்பர் கடைசியில் 5.40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால் முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘நாளை மழை வருமா’ என்று ஆப்பில் பார்ப்பதைவிட, அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ரேடாரில் பார்ப்பது சைக்கிள்காரருக்கு உருப்படியான தகவல்.

மோட்டிவேஷனைப் பற்றிப் பேசாதவர்கள்

கொட்டும் மழையிலும் காலை ஐந்து மணிக்குப் புதுச்சேரி தெருக்களில் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பேப்பர் போடுபவர் பிளாஸ்டிக் உறை சுற்றிய கட்டோடு போகிறார், பால் பாக்கெட் போகிறது. வெள்ளை நகரத்தில் அரவிந்தர் ஆசிரமவாசிகள் பழைய நிமிர்ந்த ஹேண்டில்பார் சைக்கிளில், ஒரு கையில் குடையோடுகூடப் போகிறார்கள் (குடை விஷயத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்). இவர்களிடம் போய் ‘உங்களுக்கு எப்படி மோட்டிவேஷன் வருது’ என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உடற்பயிற்சிக்காக மட்டும் ஓட்டுகிற சைக்கிளை எந்தக் காலையிலும் தள்ளிப்போட முடியும். வேலைக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுகிற சைக்கிளை அப்படித் தள்ளிப்போட முடியாது. எனவே மழைக்காலத்தில் ரைடோடு ஒரு வேலையைக் கட்டிவிடுவது நல்லது. காலாப்பட்டுப் பல்கலைக்கழகமோ ஜிப்மரோ அலுவலகமோ, வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போவதும் கணக்கில் சேரும்.

வேலை இல்லையென்றால், காத்திருக்க ஓர் ஆள் வேண்டும். துணைநிலை ஆளுநராக இருந்த காலத்தில் (2016-2021) கிரண் பேடி வார இறுதிக் காலைகளில் வாய்க்கால், ஏரி என்று சைக்கிளிலேயே ஆய்வுக்குக் கிளம்பியது புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆய்வுகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். ஆனால் அதிகாரிகள் பத்துப் பேர் ரோட்டில் காத்திருக்கும்போது ‘இன்னிக்கு தூக்கமா இருக்கு’ என்று சொல்ல முடியாது. நமக்குப் பத்து அதிகாரிகள் தேவையில்லை, தெருமுனையில் நிற்கிற ஒரு நண்பர் போதும்.

66 நாள் கணக்கு

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து அன்றாடம் செய்யச் சொல்லிக் கவனித்தார்கள். அது யோசிக்காமல் தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கமாக சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கு காட்டியது. அடிக்கடி சொல்லப்படும் ‘21 நாள்’ கதையை இந்த ஆய்வு உடைத்துவிட்டது. நமக்கு முக்கியமான செய்தி வேறு: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. புயல் வந்து ஒரு நாள் போகவில்லையென்றால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. ‘விட்டுப் போச்சு, இனிமே ஜனவரியில் பாத்துக்கலாம்’ என்று சொல்வதில்தான் எல்லாம் போகிறது.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இருந்து சொல்லிவரும் இன்னொரு உத்தியும் இங்கே பொருந்தும். ‘இந்த மாதம் நிறைய ஓட்டணும்’ என்பது ஆசை. ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்பதுதான் திட்டம். அலாரம் அடிக்கும்போது மழை இல்லையென்றால் கோரிமேடு போய் வருவது, மழை பெய்தால் மாலை நாலரைக்குக் கிளம்புவது, மாலையும் பெய்தால் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது. இதை முந்தைய இரவே முடிவு செய்துவிட வேண்டும். காலை ஐந்தரைக்குப் போர்வைக்குள் இருக்கிற மூளையிடம் எந்த முடிவையும் விடக் கூடாது, அது எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

வாடை எந்தப் பக்கம்?

இந்த மாதங்களில் ஈசிஆரில் வடக்கே காலாப்பட்டு, மரக்காணம் என்று போகிறவர்களுக்கு வாடைக்காற்று முகத்தில் அடிக்கும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவருக்கு எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், உடல் சந்திப்பது 35 கி.மீ. காற்றை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், காற்றில்லாத நாளைவிட மூன்று மடங்கு தடை! ‘போன மாசம் ஈஸியா ஓட்டினேன், இப்ப முடியலையே, ஃபிட்னஸ் போச்சு’ என்று பலர் சோர்ந்து நிறுத்துவது இங்கேதான். ஃபிட்னஸ் எங்கும் போகவில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது.

வழி எளிது. காலையில் தெம்பு இருக்கும்போதே வடக்கே போய்விட்டுத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள். தெற்கே அரியாங்குப்பம், பாகூர் என்று உற்சாகமாகப் போனால் திரும்பும்போதுதான் கணக்கு தெரியும். வேகத்தைப் பார்க்காமல், எத்தனை நிமிடம் ஓட்டினோம் என்று குறித்து வைப்பதும் இந்தப் பருவத்தில் மனசுக்கு நல்லது.

செம்மண் ஒரு தனி பாடம்

ஊருக்கு வடக்கே கரடுமுரடு பாதை தேடுபவர்கள் போவது ஆரோவில் மேட்டுநிலம். அடியில் இருப்பது கடலூர் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் அழைக்கும் பாறை, மேலே செம்மண். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது மரமே இல்லாத, மழை அரித்த பொட்டல். ஒவ்வொரு பருவமழையிலும் செம்மண் கரைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொம்மையார்பாளையம் பக்கம் தெரியும் ஆழமான சிவப்புப் பள்ளங்கள் அந்த அரிப்பின் மிச்சம். வரப்பு போட்டு, மரம் நட்டு உருவான காட்டுக்குள் இன்று சைக்கிளுக்கென்றே பாதைகள் ஓடுகின்றன.

கோடையில் இந்த மண் கான்கிரீட் மாதிரி. மழை பெய்த மறுநாள் பிசின் மாதிரி. டயரில் அப்பி, பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அடைத்து, சக்கரமே சுற்றாது. அப்போது பலத்தைப் போட்டு மிதித்தால் செயின்தான் அறும், இறங்கிக் குச்சியால் சுரண்ட வேண்டியதுதான். கனமழைக்குப் பிறகு ஓரிரு நாள் காயவிட்டுப் போனால் அதே பாதை வருடத்திலேயே மிக நன்றாக இருக்கும். புழுதி இருக்காது, மண் இறுகி டயரைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த மண்ணில் ஓட்டிப் பாதையை உழுதுவைக்காமல் இருப்பது அங்கே வாழ்பவர்களுக்குச் செய்கிற மரியாதையும்கூட.

டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச, அதிகபட்ச காற்றழுத்தம் அச்சடித்திருப்பார்கள். ஈரத்துக்கும் கரடுமுரடுக்கும் குறைந்த அளவை ஒட்டி வைத்தால் பிடிப்பு கூடும், குலுக்கல் குறையும். நம் தாத்தா ஓட்டிய ராலேயிலும் ஹெர்குலிஸிலும் முழு மட்கார்டும் செயின் கவரும் கம்பெனியிலேயே வரும். இன்றைய கியர் சைக்கிள் பலவும் அவை இல்லாமலேயே விற்கப்படுகின்றன. சில நூறு ரூபாய் செலவழித்து மட்கார்டு மாட்டினாலே முதுகில் சேற்றுக்கோடு விழுவது நிற்கும். அலுவலகம் போகிறவர் சைக்கிளைக் கைவிடுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கோடுதான்.

எப்போது போகவே கூடாது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, ராணுவ வீரர்கள் வந்து மக்களை மீட்டார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் சாய்த்த மரங்களையும் ஊர் மறக்கவில்லை. இந்த மாதிரி நாட்களில் வீட்டில் இருப்பதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சாதாரண மழை நாளுக்கும் ஒரு விதி உண்டு. அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை இறக்கக் கூடாது. இந்திரா காந்தி சதுக்கம் மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில் வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாது. தண்ணீருக்குள் திறந்த மூடியோ மின்கம்பியோ இருக்கலாம். காலில் காயத்தோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கும் வாய்ப்பு உண்டு. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தால், தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

ஈரத்தில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத் துடைப்பதோடு சரி, அதன் பிறகுதான் பிடிக்கும். வழக்கத்தைவிட முன்னதாகவே பிரேக்கைத் தொட வேண்டும். வேகத்தடையின் வெள்ளைப் பெயின்ட், இரும்பு மூடி இரண்டும் வழுக்கும். தொளதொள போன்ச்சோ வேண்டாம், ஈசிஆர் காற்றில் அது பாய்மரமாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு பத்து நிமிடம்

உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் செயின் ஒரே இரவில் சிவந்துவிடும். பழைய துணியால் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கான எண்ணெய் போட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது மண்ணை இழுத்துப் பிடிக்கும். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலைக்குள் பெருமளவு ஈரம் போய்விடும். மறுநாள் போகாததற்கு மனசு சொல்லும் முதல் சாக்கு ஈர ஷூதான்.

இதைவிட மோசமான இடங்களிலும் ஓட்டுகிறார்கள். பின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகில் இருக்கும் ஊலு நகரில் மைனஸ் 20 டிகிரியிலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே மக்கள் நம்மைவிட உறுதியானவர்கள் என்பதில்லை. விடிவதற்குள் சைக்கிள் பாதையில் பனியை அகற்றிவிடுகிறது நகராட்சி. நம் ஊரில் பாதையோரம் தண்ணீர் வடிந்தாலே பாதிப் பேர் கூடுதலாக ஓட்டுவார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீண்ட தூரம் ஓட்டுபவர்களிடம் ஒரு பழைய பிரெஞ்சு உத்தி இருக்கிறது. 1891-ல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பயணத்தில் இன்று சுமார் 1,200 கி.மீ. தூரத்தை அதிகபட்சம் 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதன் வழிவந்த ‘பிரவே’ பயணங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம். சென்னையிலிருந்து புதுச்சேரி வந்து திரும்பினாலே ஏறத்தாழ 300 ஆகிவிடும். இதை ஓட்டுபவர்கள் மொத்தத் தூரத்தை நினைப்பதில்லை. அடுத்து அட்டையில் முத்திரை வாங்கும் இடம் எங்கே, அதுவரை மட்டும்தான் நினைப்பு. மழைக்காலக் காலையில் நமக்கு அது தெருமுனை டீக்கடையாக இருக்கலாம். அங்கேயும் போகப் பிடிக்கவில்லையென்றால் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், தப்பில்லை. டீக்கடை வரை போனவர்களில் அநேகம் பேர் திரும்புவதில்லை.

ஜனவரியில் ஊருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி ஊசுட்டேரி நிரம்பிக் கிடக்கும். வலசை வந்த ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் விடியலில் நடு ஏரியில் கூட்டமாக மிதக்கும். காரில் போனால் கதவு சாத்துகிற சத்தத்திலேயே பாதி பறந்துவிடும்.