மலிவுக் காப்புறுதி: அட்டை கையில் இருக்கிறது, காப்பு இருக்கிறதா?

சம்பளம் போடும் நாளில் தோட்டத்துக்குத் துணி வியாபாரி வருவார், பாத்திரக்காரர் வருவார், தவணைக்குச் சாமான் கொடுப்பவர் வருவார். இப்போது இவர்களோடு இன்னொருவரும் வருகிறார். அவர் காப்புறுதி விற்பவர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறிவிட்ட நம் குடும்பங்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. நேரில் வர முடியாவிட்டால் கைப்பேசியில் கூப்பிடுகிறார்.

“அக்கா, மாதம் 15 வெள்ளிதான். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு 50 காசு. இந்த அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக் கவலையே உங்களுக்கு வேண்டாம்.”

கேட்பதற்கு இனிக்கத்தான் செய்கிறது. 50 காசுக்குக் குழந்தைக்கு ஒரு மிட்டாய்கூட ஒழுங்காக வாங்க முடியாத காலம் இது. அந்தக் காசுக்குக் குடும்பத்தின் உடல்நலத்துக்கே காப்புக் கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

காப்புறுதியே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வெள்ளம் வருமுன் அணை போடுவது அறிவாளிகளின் செயல். ஆனால் போட்ட அணை மண்ணா, கல்லா என்று பார்க்காமல் படுத்துறங்குவது அறிவுடைமை ஆகாது. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டை நன்றாகவே பார்க்கலாம்.

அட்டைகள் எல்லாம் ஒன்றல்ல

பார்வைக்கு எல்லா அட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். பெயர் அச்சடித்திருக்கும், பளபளப்பாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு வேறு.

முதலாவது, உண்மையான மருத்துவ அட்டை. ஆஸ்பத்திரியில் படுத்தால் வார்டுக் கட்டணம், அறுவைச் சிகிச்சை, மருந்து ஆகியவற்றின் செலவை ஒரு வரம்பு வரை காப்புறுதி நிறுவனம் ஏற்கும்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிப் படித் திட்டம். எத்தனை நாள் வார்டில் இருந்தீர்களோ, அத்தனை நாளுக்கு 50 வெள்ளி, 100 வெள்ளி என்று ஒரு தொகை கொடுப்பார்கள். ஆஸ்பத்திரிப் பில்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மூன்றாவது, தனிநபர் விபத்துக் காப்புறுதி. மோட்டார் சைக்கிளில் விழுந்தால் பணம் கிடைக்கும். மாரடைப்பு வந்தால் ஒரு காசும் கிடைக்காது.

நான்காவது, வெறும் கழிவு அட்டை. சில கிளினிக்குகளில் கட்டணத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். இது காப்புறுதியே அல்ல.

மாதம் 15 வெள்ளிக்கு வரும் அட்டை பெரும்பாலும் பின்னால் சொன்ன மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதை முதலாவது என்று நம்பித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால், முன்பணம் கட்டும் இடத்திலேயே உண்மை தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது?

ஓராண்டுப் பாலிசியின் குணம்

சரி, அது உண்மையான மருத்துவ அட்டைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி இருக்கிறது. அது எத்தனை காலத்துக்கு?

குறைந்த விலைத் திட்டங்கள் பல ஓராண்டுக்கு மட்டுமே உரியவை. ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துத் தருவோம் என்ற உறுதி எழுத்தில் இல்லையென்றால், நிறுவனம் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிடலாம். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும்.

45 வயதுள்ள ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். பாலிசி எடுத்து எட்டு மாதம் கழித்து அவருக்கு இருதய நோய் இருப்பது தெரிகிறது. அந்த ஆண்டுச் செலவை நிறுவனம் கொடுத்துவிடுகிறது. குடும்பத்தாரும் மகிழ்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தத் திட்டம் நின்றுபோகிறது. அல்லது பள்ளிச் செலவு நெருக்கியதால் இரண்டு மாதம் பணம் கட்டத் தவறி, பாலிசி காலாவதியாகிவிடுகிறது. வேறு ஓர் ஏஜெண்டிடம் அதைப்போல இன்னொரு மலிவுப் பாலிசி எடுக்கிறார்கள். இப்போது அந்த இருதய நோய் ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிட்டது. புதிய பாலிசி அதற்குப் பணம் தராது. எந்த நோய்க்குக் காப்பு மிகவும் தேவையோ, அந்த நோய்தான் வெளியே நிற்கிறது.

குறுகிய காலப் பாலிசியின் பெரிய ஆபத்து இதுதான். ஒவ்வொரு முறை புதிதாக வாங்கும்போதும் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்குகிறது. நம் உடம்போ ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயது கூடிக்கொண்டே போகிறது.

இதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பாலிசியை நிறுத்திவிட்டு மலிவான புதியதுக்கு மாறச் சொல்லும் ஏஜெண்டிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மாறுவதால் அவருக்குக் கமிஷன் உண்டு. நமக்கு என்ன உண்டு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிரீமிய உயர்வு பெரிய பாலிசி வைத்திருப்பவர்களையும் விடவில்லை. 2024இல் அது பெரும் கூச்சலைக் கிளப்பியது. அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, 2026 முடியும் வரை உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி விதிக்க வேண்டும் என்று நிறுவனங்களைப் பணித்தது. ஆகவே இன்று கட்டும் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. பத்தாண்டு கழித்தும் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

30 நாளும் 120 நாளும்

பணம் கட்டிய மறுநாளே காப்பு முழுதாகத் தொடங்கிவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் நாட்டு மருத்துவப் பாலிசிகளில் பொதுவாக முதல் 30 நாட்களுக்குள் வரும் நோய்க்குப் பணம் கிடையாது; விபத்துக்கு மட்டும் விதிவிலக்கு. குறிப்பிட்ட சில நோய்களுக்கு முதல் 120 நாட்கள் காத்திருக்க வேண்டும். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், இருதய நோய், புற்று நோய், கட்டிகள், சிறுநீரகக் கல், பித்தக் கல், குடல் இறக்கம், மூலம், முதுகெலும்புக் கோளாறு, முட்டிக் கோளாறு ஆகியவை அந்தப் பட்டியலில் அடங்கும்.

அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். செம்பனைக் குலை தூக்கியவர்களுக்கும், வாளி சுமந்து பால் எடுத்தவர்களுக்கும் வருகிற முதுகு வலியும் முட்டி வலியும் அதில் இருக்கின்றன. ஓராண்டுப் பாலிசியில் 120 நாள் என்பது மூன்றில் ஒரு பங்கு காலம். பாலிசி விட்டுப்போய் மீண்டும் எடுத்தால் அந்த நாட்களை மறுபடி எண்ண வேண்டும். பணம் என்னவோ முதல் நாளிலிருந்தே கட்டுகிறோம்.

பிரசவம், பல் வைத்தியம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றையும், மதுபோதையால் வரும் கேட்டையும் பெரும்பாலான பாலிசிகள் விலக்கிவைக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

‘இல்லை’ என்ற ஒரு சொல்

நம் சமூகத்தைப் பொறுத்தவரை மிகவும் கவலைக்குரிய விஷயம் இதுதான். 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் அது ஏறத்தாழ மூவரில் ஒருவர்.

பாலிசி விண்ணப்பத்தில் “இனிப்பு நீர் உண்டா? இரத்தக் கொதிப்பு உண்டா? மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டிருக்கும். நாம் உண்டு என்று சொன்னாலும், “அதெல்லாம் எழுதினால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது, அண்ணே. நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று நிரப்பிவிடும் ஏஜெண்டுகள் உண்டு. வெறும் தாளிலேயே கையெழுத்து வாங்கிச் செல்பவர்களும் உண்டு.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி, நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான தகவல் போகாமல் கவனமாகப் பதில் சொல்வது வாங்குபவரின் கடமை. வேண்டுமென்றே பொய் சொல்லியிருந்தால் நிறுவனம் பாலிசியைச் செல்லாததாக்கி, பணம் தர மறுக்கலாம். நீங்கள் அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிய பதிவு அங்கே இருக்கும். நாளைக்கு அந்தத் தாளில் நிற்பது உங்கள் கையெழுத்து. ஏஜெண்டின் வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

ஆகவே ‘உண்டு’ என்றால் உண்டு என்றே எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டலாம். அந்த நோயை மட்டும் விலக்கலாம். வேண்டாம் என்றே சொல்லலாம். மூன்றுமே பொய்யான காப்பை விட மேலானவை. உள்ளதை அறிந்தவர் வேறு வழி தேடுவார்.

கொஞ்சம் கணக்கு

ஆஸ்பத்திரிப் படித் திட்டம் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. நாளுக்கு 50 வெள்ளி தரும் திட்டத்துக்கு மாதம் 15 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 180 வெள்ளி. டெங்கிக் காய்ச்சலில் 4 நாள் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால் கையில் கிடைப்பது 200 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டுக்குக் குடிமக்கள் கட்டுவது நாளுக்கு 3 வெள்ளி, அதாவது 12 வெள்ளி. மீதி வீட்டுச் செலவுக்கு உதவும். ஒப்பந்த வேலை செய்பவருக்கும் சிறுவியாபாரிக்கும் இது ஒரு கைத்தாங்கல்தான். முதலாளியிடம் நேரடியாக வேலை செய்பவருக்கோ, வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு.

அதே 200 வெள்ளியை நம்பித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் நிலைமை வேறு. அங்கே பில் ஆயிரக் கணக்கில் வரும். குடையை வாங்கிக்கொண்டு அதைக் கூரை என்று நம்பக் கூடாது.

முதலில் நமக்குள்ளதை அறிவோம்

புதிதாக ஒன்றை வாங்குமுன், ஏற்கெனவே நமக்கு உரியவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி. நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். இருதயக் குழாய்க்கு வைக்கும் கருவி போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால், அதே ஆஸ்பத்திரியில் உள்ள மருத்துவச் சமூகநலப் பிரிவின் அதிகாரியைப் பாருங்கள். வசதியற்றவர்களுக்கு உதவி தேடிக் கொடுப்பது அவர்கள் வேலை. நம்மில் பலர் இப்படி ஒரு பிரிவு இருப்பதையே அறியாமல் கடன் வாங்குகிறார்கள்.

வேலையிடத்திலும், வேலைக்குப் போகும் வரும் வழியிலும் விபத்து நேர்ந்தால் சொக்சோ இருக்கிறது. முதலாளி 48 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கு, தகுதி இருந்தால் இயலாமைப் பென்ஷனும் உண்டு. ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டை நிர்வகிக்கும் பெண்களுக்காக 2022 டிசம்பரில் சொக்சோ ஒரு திட்டம் தொடங்கியது. 18 வயதிலிருந்து 55 வயது நிறைவதற்குள் சேரலாம். ஆண்டுக்கு 120 வெள்ளி. மாதம் 10 வெள்ளிதான். வீட்டு வேலையில் நேரும் விபத்துக்கும், இயலாமைக்கும் இதில் காப்பு உண்டு. சொந்தத் தொழில் செய்பவர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது.

கடும் நோய்ச் சிகிச்சைக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் வழி உண்டு. அது முதுமைக்கான சேமிப்பு. கடைசியாகத் தொட வேண்டிய பணம்.

கையெழுத்துப் போடுமுன்

இவற்றுக்குப் பிறகும் காப்புறுதி எடுக்க வசதி இருந்தால், தாராளமாக எடுங்கள். ஆனால் ஏஜெண்டை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இது மருத்துவ அட்டையா, ஆஸ்பத்திரிப் படியா, விபத்துக் காப்புறுதியா? ஆண்டுதோறும் புதுப்பித்துத் தரும் உறுதி எழுத்தில் இருக்கிறதா? எத்தனை வயது வரை? ஐம்பது வயதில், அறுபது வயதில் பிரீமியம் எவ்வளவு? ஆண்டு வரம்பு எவ்வளவு? நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு உண்டா? எந்தெந்த நோய்க்குப் பணம் இல்லை?

பதிலை வாயால் கேட்டால் போதாது. திட்ட விளக்கத் தாளில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பேங்க் நெகாராவின் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு மனம் மாறினாலும் வழி உண்டு. மருத்துவப் பாலிசி கைக்கு வந்த 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்தால், மருத்துவப் பரிசோதனைச் செலவு ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே பாலிசி வந்ததும் அலமாரியில் பூட்டாமல், அன்றைக்கே பிரித்துப் படியுங்கள்.

பணம் தர மறுத்தால் ஏஜெண்டோடு சண்டை போட்டுப் பயனில்லை. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். அதன் இறுதி முடிவு நியாயமாகப் படவில்லையென்றால், 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் கொண்டு போகலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இந்த அமைப்பு பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. 1-300-88-5465 என்ற எண்ணில் பேங்க் நெகாராவிடமும் கேட்கலாம்.

நம் தாய்மார்கள் சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போதுகூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லாததாகப் பொறுக்குகிறார்கள். குடும்பத்தின் உயிர்க்காப்புக்காகப் பல ஆண்டுகள் பணம் கட்டப் போகிறவர்கள், அந்தக் கண்ணோடு இந்தத் தாளையும் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். ஏமாறுவோர் தொகை பாதியாகக் குறைந்துவிடும்.