விடிய விடிய ஆடணும்... கிழியக் கூடாது! கூத்துக் கால்சட்டை தைப்பது எப்படி?

அடி அண்ணாமலை:
சித்திரை பிறந்தால் போதும். கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் இருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும், ஏதாவது ஒரு கிராமத்தில் ராத்திரி மத்தளச் சத்தம் கேட்கும். திரவுபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழாதான். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணில் படுத்துக் கிடக்கும் ராட்சத துரியோதனன் மேலேயே பீமன் வேஷமும் துரியோதனன் வேஷமும் ஓடி ஓடிச் சண்டை போடும். குருசேத்திரப் போர் அப்படியே ஊர் மைதானத்தில் நடக்கும்.

நாம் பார்ப்பது கிரீடத்தையும் புஜக்கட்டையையும்தான். ஆனால் வேஷக்காரருக்கு ராத்திரி முழுக்க உள்ளுக்குள் ஒரே பயம். கால்சட்டை! இடுப்பைச் சுற்றிப் புடைத்து நிற்கும் துணிக்கு உள்ளே அதுதான் இருக்கிறது. கிறுக்கி அடித்துச் சுற்றும்போது மேல்துணி குடை மாதிரி விரியும். அந்த நேரத்தில் கவட்டில் 'டர்'ரென்று கிழிஞ்சா, ராஜா வேஷத்தின் மானம் அவ்வளவுதான்.

இப்போதைய பேண்டில் நான்கு தையலும் கவட்டில் ஒரே புள்ளியில் வந்து சேருகிறது. காலை அகட்டினால் முழு இழுப்பும் அந்தப் புள்ளியில்தான். பழைய காலத்து வெட்டு வேறு. நேராக வெட்டிய 2 கால் துண்டுகள், நடுவில் ஒரு சதுரத் துண்டு. அவ்வளவே. குதிரை ஏறிச் சண்டை போட்டவர்கள் பல நாடுகளில் இப்படித்தான் போட்டார்கள். 1714-ல் செஞ்சியில் மடிந்த தேசிங்கு ராஜாவின் கதையைக் கூத்தாகப் போடுகிறவர்களுக்கும் இது பொருத்தமாக இருக்கும். (தென் மாவட்டங்களில் சுடலைமாடன் சாமியாடிகள் கட்டும் சல்லடமும் கால்சட்டைதான். ஆனால் குட்டை, மணி வேறு தொங்கும்.)

சரி, தைப்பதற்கு வருவோம். காடாத் துணியை முதலில் ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி, இருக்கிற பிரச்சினையோடு இன்னொன்று சேரும். இடுப்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் ஒவ்வொரு கால் துண்டும் 22 அங்குல அகலம் இருக்கட்டும். நீளத்தில் நாடா பட்டிக்கும் கீழ் மடிப்புக்கும் 3 அங்குலம் கூடுதல். சதுரத் துண்டு 8 அங்குலம். அதை வைரம் மாதிரி திருப்பி வைக்க வேண்டும். ஒரு முனை முன்பக்கம், ஒரு முனை பின்பக்கம், மற்ற இரண்டும் கால்களுக்குள் இறங்கணும். கணுக்கால் பக்கம் ஒடுக்கிவிடுங்கள். தொளதொளவென்று இருந்தால் சலங்கை கட்ட முடியாது.

கைத்தையல் என்றாலே உசத்தி என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. நீளமான கால் தையலுக்கு மிஷினே தாராளம். சதுரத்தின் 4 முனைகள்தான் சிக்கல். அங்கே மட்டும் ஊசியை எடுங்கள். நூலில் தேன்மெழுகு தடவி, ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் திரும்பி வரும் பின்தையல் போட வேண்டும். முனையில் இரண்டு சுற்று. துணி விளிம்பை உள்ளே மடித்து அடக்கித் தைத்தால் பிசிறும் வராது, வியர்வையில் தொடையும் உரசாது.

முடிந்ததும் போட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காருங்கள். இடுப்பில் நாடா கீழே இழுத்தால் சதுரம் போதவில்லை. பிரித்துப் பெரிசாக வையுங்கள்.

என்ன தைத்தாலும் அரிதாரப் பெட்டியில் ஊசி, நூல் இருக்கட்டும். ஊக்கை நம்பாதீர்கள். சுற்றும்போது திறந்துகொண்டால் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.